குளிருல மருந்து கெடாதுன்னு யாருங்க உங்களுக்கு சொன்னது?

"குளிருதானே சார், இன்சுலின் ஃப்ரிட்ஜ்ல வைக்கறதுதானே, அது எப்படி கெடும்?" இதை இன்னொரு தடவை யாராவது என்கிட்ட சொன்னா நான் மனுஷனா இருக்க மாட்டேன். சேலத்துக்காரங்களுக்கு வெயிலைப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டியதில்ல, ஆனா குளிரும் அதே மாதிரி மருந்தை நாசம் பண்ணும்னு சொன்னா மட்டும் ஏதோ நான் கதை விடறாப்பல பாக்கறாங்க.

என் பொண்ணுக்கு டைப் 1 சுகர், உடம்புல இன்சுலினே சுரக்காத வகை. பாகற்காய் ஜூஸ் குடிச்சு, வாக்கிங் போய் சரி பண்ற விஷயம் இல்லைங்க அது, ஊசி இல்லன்னா உயிர் இல்ல. மலை ஏறறதுன்னா அவளுக்கு அவ்ளோ இஷ்டம், அதான் ஜனவரியில ஏற்காடு கூட்டிட்டுப் போனேன். ரூம்ல ஃப்ரிட்ஜ் இல்லன்னு ஸ்பேர் இன்சுலினை லாட்ஜ் ரிசப்ஷன்ல குடுத்து, தம்பி ஐஸ் பெட்டியில வச்சிடாதீங்க, கீழ் தட்டுல வைங்க, 2லேர்ந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும்னு படிச்சுப் படிச்சு சொன்னேன், டப்பா மேல எழுதியும் ஒட்டினேன். விடிகாலைல போய் கேட்டா ஃப்ரீசருக்குள்ள கைய விட்டு, மேலெல்லாம் வெள்ளையா ஐஸ் பூத்த டப்பாவ எடுத்து நீட்டறான். "நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்னுதான் சார்." மேனேஜர் அதுக்கு மேல, கொஞ்ச நேரம் வெயில்ல வைங்க, கரைஞ்சிடும்ங்கறாரு!

கரையும்யா, கரைஞ்சு பாக்கறதுக்கு தண்ணி மாதிரி தெளிவாவே கூட இருக்கும், அதான் கொடுமையே. ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் வேலை செய்யும்னு நம்பி போடவே கூடாது, போட்டா ஊசி போட்டாச்சுன்னு நாம நிம்மதியா இருப்போம், உள்ள சுகர் பாட்டுக்கு ஏறிக்கிட்டு இருக்கும். அத்தனையும் குப்பைக்குப் போச்சு. அவ பையில ஓடிட்டிருந்த இன்சுலின் ஊசிப் பேனா இருந்ததால தப்பிச்சோம் (திறந்து போட ஆரம்பிச்ச பேனாவுக்கு ஃப்ரிட்ஜே வேணாம், 30 டிகிரிக்குள்ள இருந்தா பெரும்பாலும் 4 வாரம் தாங்கும்). ஐஸ் கட்டிய நேரா மருந்து மேல ஒட்டி வச்சு பொட்டலம் கட்டித் தர்ற மெடிக்கல் ஷாப்காரங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

அதோட விட்டுச்சா? சேர்வராயன் கோயில் பக்கம் காலை நடைக்குன்னு கூட்டிட்டுப் போனவரு, எல்லாரும் பையை வேன் மேல போடுங்க, கைவீசி நடங்கன்னு ஒரே அதிகாரம். அந்த நேரத்துல அங்க 10, 12 டிகிரி, காத்து வேற, மூஞ்சியில ஈரமா அடிக்கற மூட்டம் வேற. நிறைய சுகர் மெஷின் 10 டிகிரிக்குக் கீழ போனா ரீடிங்கே காட்டாது, எர்ரர்னு சொல்லிட்டு உக்காந்துக்கும். ரத்தச் சொட்டு வைக்கற ஸ்ட்ரிப் டப்பா மூடி சரியா மூடலன்னா ஈரம் பட்டே ஸ்ட்ரிப் வீணாகும். அதனாலதான் அவ மெஷின், ஸ்ட்ரிப், பேனா எல்லாத்தையும் சின்ன பவுச்ல போட்டு ஸ்வெட்டருக்கு உள்ள உடம்போட ஒட்டி மாட்டியிருப்பா. அந்த மனுஷன் அதைப் பாத்துட்டு, என்ன பாப்பா வயித்துல, போட்டோவுல அசிங்கமா தெரியும், கழட்டி வேன்ல போடுங்கறாரு. குழந்தை முகம் செத்துப் போச்சு.

மேடு ஏறுனா சுகர் இறங்கும்ங்க. கை நடுங்கும். குளிருக்கும் அதே கைதான் நடுங்கும். எது குளிரு எது லோ சுகர்னு அவளுக்கே தெரியாது, மெஷின்தான் சொல்லணும், அந்த மெஷின் வேன் மேல தார்ப்பாய்க்குள்ள கிடந்தா யாரைப் போய் கேக்கறது? விரல் விறைச்சுப் போய் குத்தினாலும் ரத்தம் வராது, அவ உள்ளங்கைய பரபரன்னு தேச்சு, அக்குள்ள கொஞ்ச நேரம் வச்சு சூடு பண்ணி, அப்புறம்தான் ஒரு சொட்டு எடுப்பா. கூட்டமே நின்னு "இன்னும் எவ்ளோ நேரம்"னு கேக்குது.

நிக்கட்டும். பொங்கல் லீவுல மறுபடியும் போகத்தான் போறோம், அவ பவுச்சு அவ உடம்புலதான் இருக்கும், குளுக்கோஸ் அவ பாக்கெட்லதான் இருக்கும், ஒத்துக்க முடியலன்னா கட்டின பணத்தை அங்கயே எண்ணி வைங்க.