ஃப்ரீசிங் ஆரோ அமேசானுக்கு வின்ட்ஃபோர்ஸ் தேடாதீர்கள்

டயாப்லோ 2 கணினி ஆட்டத்தில் ஃப்ரீசிங் ஆரோ (உறையவைக்கும் அம்பு) ஸ்கில்லைக் கொண்டு ஆடும் அமேசான் என்ற வில்லாளிப் பாத்திரத்தை எப்படிக் கட்டுவது என்று யாராவது கேட்டால் உடனே இரண்டு பதில்கள் வரும். "முதல்ல ஒரு வின்ட்ஃபோர்ஸ் பாருங்க" என்பது ஒன்று, அது பெயர்பெற்ற ஒரு வில். "ஹெல் போனா கோல்ட் இம்யூன் வந்துடும், வேஸ்ட், ஸ்ட்ரேஃப் போடுங்க" என்பது இன்னொன்று (ஹெல் என்பது மிகக் கடினமான மூன்றாம் நிலை, கோல்ட் இம்யூன் என்பது குளிர் தாக்காத மான்ஸ்டர், ஸ்ட்ரேஃப் வேறொரு வில் ஸ்கில்). இரண்டுமே இந்த பில்ட் (ஸ்கில்லும் அணியும் பொருள்களும் சேர்ந்த அமைப்பு) எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் சொல்லும் பதில்கள். புதிதாக வருபவர்கள் அதை நம்பி, மாதக்கணக்கில் ரூன் (ஆயுதம், கவசத்தின் துளைகளில் பதிக்கும் கல்) சேர்த்து, தவறான வில்லை வாங்கி, கடைசியில் பில்ட் மோசம் என்று விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் இந்த நீண்ட பதிவு. எண்கள் எல்லாம் லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்ஷன் விரிவாக்கத்தின் 1.10-க்குப் பிந்தைய பதிப்புக்கானவை. புதுப்பித்து வெளிவந்த ரிசரெக்டட் ஆடுபவர்கள் கவனிக்கவும்: 2.4 பேட்ச் அமேசானிலும் கைவைத்திருக்கிறது, ஸ்கில் மேல் கர்சரை வைத்து எண்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் டேமேஜ். ஃப்ரீசிங் ஆரோவின் குளிர் டேமேஜ் முழுக்க ஸ்கில்லிலிருந்து வருகிறது. வில்லின் அடிப்படை டேமேஜ், என்ஹான்ஸ்டு டேமேஜ், டெக்ஸ்டெரிட்டி, கிரிட்டிக்கல் ஸ்ட்ரைக், டெட்லி ஸ்ட்ரைக் எதுவும் அதை ஒரு புள்ளிகூட உயர்த்தாது. இவை எல்லாம் அம்பு நேராகப் போய்க் குத்தும் ஒரே மான்ஸ்டருக்கான பிசிக்கல் டேமேஜை மட்டுமே தொடும். அம்பைச் சுற்றி வெடிக்கும் குளிருக்கு அட்டாக் ரேட்டிங்கூட (அடி படும் வாய்ப்பைக் கூட்டும் எண்) வேண்டாம். குளிரை உயர்த்துபவை நான்கு: ஃப்ரீசிங் ஆரோவின் லெவல், கோல்ட் ஆரோவின் சினர்ஜி (ஒரு ஸ்கில்லில் போடும் பாயின்ட் இன்னொரு ஸ்கில்லை உயர்த்துவது), கியரில் (அணியும் பொருள்களில்) வரும் கோல்ட் ஸ்கில் டேமேஜ் சதவீதம், எதிரியின் கோல்ட் ரெசிஸ்டை (குளிரைத் தாங்கும் அளவை) குறைக்கும் எதுவும்.

கோல்ட் ஆரோவில் நீங்கள் கையால் போடும் ஒவ்வொரு பாயின்ட்டும் 12% கூட்டுகிறது. 20 போட்டால் 240%, அதாவது மொத்தம் 3.4 மடங்கு. சினர்ஜிக்குக் கையால் போட்ட பாயின்ட் மட்டுமே கணக்கு, கியரில் வரும் +ஸ்கில் சேராது. எனவே ஃப்ரீசிங் ஆரோ 20, கோல்ட் ஆரோ 20 என்பதில் பேரமே கிடையாது. "கோல்ட் ஆரோவை நான் பயன்படுத்துறதே இல்லையே, அதில் எதுக்கு 20?" என்று கேட்டு அந்த இடத்தில் மிச்சம் பிடித்தவர்களின் அமேசான்தான் ஹெல்லில் பனிக்கட்டி செய்துவிட்டு உடைக்க முடியாமல் நிற்கிறது.

ஐஸ் ஆரோவில்தான் நிறைய வாதம் நடக்கிறது. அதன் சினர்ஜி டேமேஜுக்கு அல்ல, உறைந்திருக்கும் நேரத்துக்கு: பாயின்ட்டுக்கு 5%. ஃப்ரீசிங் ஆரோவின் உறைநேரம் 2 வினாடி. இரண்டாம் நிலையான நைட்மேரில் அது பாதியாகும், ஹெல்லில் கால்வாசியாகும். ஆக ஹெல்லில் கிடைப்பது அரை வினாடி. கேட்க அற்பமாக இருக்கிறது. ஐஸ் ஆரோவில் 20 பாயின்ட்டைக் கொட்டினால் ஒரு வினாடி.

ஆனால் ஆட்டம் வினாடிக்கு 25 ஃப்ரேமில் ஓடுகிறது. அரை வினாடி என்பது சுமார் 12 ஃப்ரேம். உங்கள் அமேசான் 10 ஃப்ரேமுக்கு ஒரு அம்பு விட்டால், முதல் உறைவு விடும் முன்பே அடுத்த அம்பு வந்து சேர்ந்துவிடும். கூட்டம் அசையவே அசையாது. 14 ஃப்ரேமில் விட்டால் ஒவ்வொரு அம்புக்கும் இடையில் அவை ஓரடி முன்னேறும், அந்த ஓரடிகளின் கூட்டுத்தொகைதான் உங்கள் சாவு. இந்த பில்டுக்கு வேகம்தான் கவசம். அந்த 20 பாயின்ட்டை ஐஸ் ஆரோவில் போடுவதைவிட அட்டாக் ஸ்பீடை ஒரு பிரேக்பாயின்ட் (ஃப்ரேம் குறையும் வேகப் படி) உயர்த்துவது மேல் என்பது என் உறுதியான கருத்து. ஐஸ் ஆரோவுக்கு 1 பாயின்ட் போதும். ஹார்ட்கோர் (செத்தால் பாத்திரமே போய்விடும் முறை) ஆடுபவர்கள் கூடுதலாக ஐந்தாறு போட்டுக்கொள்ளட்டும், அவர்களுக்குக் காரணம் இருக்கிறது.

வேகத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் உண்டு. உங்களையே எதிரி குளிரவைத்தால் உங்கள் அட்டாக் வேகம் விழும், மேலே சொன்ன சங்கிலி அறுந்துபோகும். அதனால் கேனாட் பி ஃப்ரோசன் (உங்களைக் குளிரவிடாத குணம்) இந்த பில்டில் ஆடம்பரம் இல்லை. அதைத் தரும் ரேவன் ஃப்ராஸ்ட் மோதிரம் ஒரு விரலில் நிரந்தரம். ஒவ்வொரு வில்லுக்கும் பிரேக்பாயின்ட் வேறு, ஆகவே வில்லை முடிவு செய்த பிறகு அதற்கான அட்டவணையைப் பார்த்துக் கணக்கிடுங்கள். அடுத்த பிரேக்பாயின்ட்டை எட்டாத ஐஏஎஸ் (கியர் தரும் அட்டாக் வேகச் சதவீதம்) வீண்.

பியர்ஸை (அம்பைத் துளைத்துப் போகவைக்கும் ஸ்கில்லை) மறந்த பில்ட் பாதி பில்ட்தான். ஃப்ரீசிங் ஆரோ ஒரு மான்ஸ்டரைத் துளைத்துப் போனால் அடுத்ததிலும் வெடிக்கும், அதையும் துளைத்தால் அதற்கடுத்ததிலும். வெடிப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் நெருக்கமான கூட்டத்தில் நடுவில் நிற்பவை பல வெடிப்புகளை வாங்கும். காட்டும் டேமேஜ் எண்ணைவிட இந்த பில்ட் பல மடங்கு கொல்வது இதனால்தான். பியர்ஸ் ஸ்கில் லெவல் 8-இல் 65%, லெவல் 9-இல் 69%. ரேசர்டெய்ல் பெல்ட் 33% தருகிறது. எனவே +ஸ்கில் சேர்த்து 9 ஆனாலே ஒவ்வொரு அம்பும் துளைக்கும். கியரில் +5 இருந்தால் கையால் 4 போட்டால் போதும், மிச்ச பாயின்ட்டை உங்களுக்காகப் போரிட அழைக்கும் வால்கைரிக்குக் கொடுங்கள்.

மொத்தக் கணக்கு: லெவல் 85-இல் 84 பாயின்ட், குவெஸ்ட்களில் 12, ஆக 96. ஃப்ரீசிங், கோல்ட், ஐஸ் மூன்றும் சேர்ந்து 41. இன்னர் சைட், ஸ்லோ மிசைல்ஸ், டாட்ஜ், அவாய்ட், எவேட், டீகாய், கிரிட்டிக்கல் ஸ்ட்ரைக், பெனட்ரேட் ஒவ்வொன்றிலும் 1, அது 8. மேஜிக் ஆரோ, மல்ட்டிப்பிள் ஷாட், கைடட் ஆரோ வழியாக ஸ்ட்ரேஃபுக்கு 4. பியர்ஸுக்குத் தேவையானது போக மீதி வால்கைரிக்கும் ஸ்ட்ரேஃபுக்கும். ஸ்டாட் பாயின்ட்டில் ஸ்ட்ரெங்த், டெக்ஸ்டெரிட்டி இரண்டும் கியரைத் தூக்கும் அளவு மட்டும். எனர்ஜியில் ஒன்றும் வேண்டாம். மற்றதெல்லாம் வைட்டாலிட்டி.

எனர்ஜி வேண்டாம் என்றதும் மானாவுக்கு (ஸ்கில்லுக்குச் செலவாகும் சக்திக்கு) என்ன வழி என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, ஏனென்றால் இந்த பில்டைப் பெரும்பாலும் கைவிடச் செய்வது இம்யூன் அல்ல, மானாதான். லெவல் 20 ஃப்ரீசிங் ஆரோவுக்கு ஒரு அம்புக்கு 18.5 மானா. வினாடிக்கு இரண்டரை அம்பு விட்டால் 46. லெவல் 85 அமேசானின் இயல்பான மானா 141. மூன்று வினாடியில் பாட்டில் காலி. எனர்ஜியில் 50 பாயின்ட் போட்டால் 75 மானா, இன்னும் ஒன்றரை வினாடி. அதற்காக 150 லைஃபை இழப்பது அறிவல்ல.

வழி இரண்டுதான். முதலாவது மெர்க் (கூலிக்குச் சேர்க்கும் துணை வீரன்) கையில் இன்சைட் ரூன்வேர்ட் (ரூன்களை வரிசையாகப் பதித்து உண்டாக்கும் ஆயுதம்): ரல், டிர், டால், சோல். மலிவான ரூன்கள், மானாவை நிரப்பும் மெடிடேஷன் ஆரா லெவல் 12 முதல் 17 வரை. இரண்டாவது மானா லீச், அதாவது அடிக்கும் டேமேஜில் ஒரு பங்கை மானாவாக உறிஞ்சுவது. இங்கேதான் வில்லின் பிசிக்கல் டேமேஜ் உள்ளே வருகிறது: லீச் கிடைப்பது அம்பு நேரடியாகக் குத்தும்போது விழும் பிசிக்கல் டேமேஜிலிருந்து மட்டும், வெடிப்பிலிருந்து அல்ல. சொத்தை வில் வைத்துக்கொண்டு லீச் மோதிரம் போட்டால் ஒன்றும் வராது. எலும்புக்கூடுகளிடம் எந்த வில்லுக்கும் லீச் இல்லை, ஹெல்லில் லீச்சே குறைவு. எனவே இன்சைட் முதலில், லீச் துணைக்கு.

இப்போது வில். ஆரம்பத்துக்கு லைகாண்டர்ஸ் எய்ம் போல எதுவும் வராது: வில் ஸ்கில்லுக்கு +1 முதல் +3, அமேசான் ஸ்கில்லுக்கு +2, 20% ஐஏஎஸ், 5 முதல் 8% மானா லீச். இந்த பில்டுக்கென்றே செய்ததுபோல் இருக்கும், சாக்கெட் (ரூன் பதிக்கும் துளை) குவெஸ்ட் கொடுத்து ஒரு ஷேல் ரூன் வைத்தால் இன்னும் 20% ஐஏஎஸ். வின்ட்ஃபோர்ஸில் +ஸ்கில் இல்லை, குளிர் எதுவும் இல்லை. இருப்பது பிசிக்கல் டேமேஜ், மானா லீச், மான்ஸ்டரைத் தள்ளிவிடும் குணம். நாம் கூட்டத்தை ஒரே இடத்தில் நிறுத்தப் பார்க்கிறோம், அது தள்ளிவிடுகிறது.

உச்சத்தில் வைக்க வேண்டியது ஐஸ் ரூன்வேர்ட்: ஆம்ன், ஷேல், ஜா, லோ. 20% ஐஏஎஸ், 25 முதல் 30% கோல்ட் ஸ்கில் டேமேஜ், எதிரியின் கோல்ட் ரெசிஸ்டில் 20 குறைவு, சுற்றி நிற்பவற்றைக் குளிரவைக்கும் லெவல் 18 ஹோலி ஃப்ரீஸ் ஆரா. அந்த "20 குறைவு" என்பதைச் சின்னதாக நினைக்காதீர்கள். 50 ரெசிஸ்ட் உள்ள மான்ஸ்டருக்கு அது 30 ஆகிறது, நீங்கள் தரும் டேமேஜ் 50-இலிருந்து 70, அதாவது 40% அதிகம். பழைய பதிப்பில் இதை லேடரில் (ஆன்லைன் போட்டி சீசனில்) மட்டுமே செய்ய முடியும். செய்வதற்கு கிராண்ட் மேட்ரன் போ நல்ல அடித்தளம், வில் ஸ்கில் +3 உள்ளதாகப் பாருங்கள். அந்த சாக்கெட் குவெஸ்ட் தரும் லார்சுக்கிடம் சாக்கெட் போடக் கொடுத்துவிடாதீர்கள். உயர்ந்த இடத்தில் விழுந்த வில்லுக்கு அவர் 5 சாக்கெட் போட்டுவிடுவார், ஐஸுக்கு 4 வேண்டும். சாதாரண வெள்ளை வில்லை ரல், ஆம்ன், பர்ஃபெக்ட் அமெதிஸ்ட் சேர்த்து க்யூபில் (பொருள்களைக் கலந்து மாற்றும் பெட்டியில்) போடுங்கள். 4 விழ ஆறில் ஒரு வாய்ப்பு. ஜா வைக்கும் முன் சாக்கெட்டை இரண்டு முறை எண்ணுங்கள்.

மற்ற கியர் சுருக்கமாக. தலைக்கு நைட்விங்ஸ் வெயில்: +2 ஸ்கில், 8 முதல் 15% கோல்ட் ஸ்கில் டேமேஜ், அதில் ஒரு கோல்ட் ரெயின்போ ஃபேசட் (சாக்கெட்டில் பதிக்கும் மணி). கைக்கு +3 வில் ஸ்கில், 20% ஐஏஎஸ் உள்ள மேஜிக் க்ளவ்ஸ். கவசத்துக்குப் பணக்காரர்கள் எனிக்மா போடட்டும். மற்றவர்களுக்கு ட்ரெச்சரி போதும்: ஷேல், துல், லெம், 45% ஐஏஎஸ். இந்த விலைக்கு இவ்வளவு வேகம் வேறெங்கும் இல்லை. கழுத்துக்கு +ஸ்கில் உள்ளது, அல்லது பிரேக்பாயின்ட்டுக்கு 20% குறைந்தால் கேட்ஸ் ஐ. ஃபாஸ்டர் ஹிட் ரிகவரியை (அடிபட்டு மீளும் வேகத்தை) 32 அல்லது 52-க்குக் கொண்டுபோங்கள்.

இனி இம்யூன். பிரச்சினை உண்மையானது, ஆனால் அளவு தெரிந்து பேச வேண்டும். ரெசிஸ்ட் 100-ஐத் தொட்டால் இம்யூன். ஐஸ் வில்லின் 20-ம் ஃபேசட்டும் அந்தச் சுவரை உடைக்காது. உடைக்கக்கூடியவை எதிரியின் ரெசிஸ்டைக் குறைக்கும் கன்விக்ஷன் ஆராவும் லோயர் ரெசிஸ்டும், அதுவும் ஐந்தில் ஒரு பங்கு பலத்தோடு. மெர்க் கையில் கன்விக்ஷன் தரும் இன்ஃபினிட்டி ரூன்வேர்ட் வைத்தால் சாதாரண மான்ஸ்டருக்கு 85 குறைவு, இம்யூனுக்கு 17 குறைவு. ஆக 116 வரை உள்ளவை உடையும், 117 உடையாது. கோல்ட் என்சான்டட் பாஸ் தன் ரெசிஸ்டில் 75 கூட்டிக்கொள்ளும். 40 இருந்தது 115 ஆகும், இன்ஃபினிட்டி அதை 98-க்கு இறக்கும், அதன் பிறகுதான் வில்லின் 20 வேலை செய்யத் தொடங்கும். ரிசரெக்டடில் கோல்ட் ரப்ச்சர் சார்ம் (பையில் வைத்திருந்தாலே வேலை செய்யும் பொருள்) எல்லா இம்யூனையும் 95-க்கு இறக்கிவிடுகிறது. 95-இலிருந்து ஐஸ் 20 எடுத்தால் 75, டேமேஜ் 5%-இலிருந்து 25% ஆகிறது, ஐந்து மடங்கு. ஆனால் அந்த சார்ம் உங்கள் சொந்த கோல்ட் ரெசிஸ்டைப் பலமாக வெட்டும், அதை ஈடுகட்டிவிட்டுப் போடுங்கள்.

இன்ஃபினிட்டியும் இன்சைட்டும் ஒரே மெர்க் கையில் இருக்க முடியாதே என்பது நல்ல கேள்வி. மானா தள்ளாடிக்கொண்டிருக்கும்வரை இன்சைட். ஆக்ட் 2-இல் நைட்மேரில் கிடைக்கும் டிஃபென்சிவ் வகை மெர்க்கின் ஹோலி ஃப்ரீஸ் ஆரம்பத்தில் பெரிய துணை. வில்லே ஐஸ் ஆகி, லீச்சும் பாட்டிலும் மானாவைத் தாங்கத் தொடங்கியதும் இன்ஃபினிட்டிக்கு மாறலாம்.

எதுவும் உடைக்காத இம்யூனுக்கு வெப்பன் ஸ்விட்ச் (இரண்டாவது ஆயுதத்துக்கு மாறும் வசதி) இருக்கிறது. வின்ட்ஃபோர்ஸ் கிடைத்தால் அதற்குரிய இடம் அது, ஸ்ட்ரேஃபோடு. அந்தப் பக்கத்துக்கும் தனி அம்புக்கூடு வேண்டும் என்பதை மறந்துவிட்டு நடுச்சண்டையில் மாற்றிப் பார்த்துத் திகைக்காதீர்கள்.

களத்தில் முதலில் டீகாயை (உங்களைப் போன்ற பொய் உருவத்தை) எறியுங்கள். கூட்டம் அதைச் சுற்றி அடைந்த பிறகு, அதிக மான்ஸ்டர்கள் ஒரே வரிசையில் வரும் கோணத்துக்கு நகர்ந்து விடுங்கள் அம்பை. சாம்பியன், யூனிக், பாஸ் எதுவும் உறையாது, குளிர்ந்து மெதுவாகும், அவ்வளவுதான். உறைந்த கூட்டத்திலிருந்து எது நடந்து வருகிறதோ அதன்மேல் கண் இருக்கட்டும். மூன்று நான்கு பேர் சூழ்ந்துவிட்டால் டாட்ஜ் அசைவுகளே உங்கள் அம்பைத் தடுக்கும், அந்த நிலை வருவதற்கு முன்பே விலகுங்கள்.

உறைந்து சாவது சில்லுசில்லாக உடைந்து பிணமே மிஞ்சாது. எலும்புக்கூடுகளை உயிர்ப்பிக்கும் அன்ரேவலரின் கூட்டத்தில் அவை மீண்டும் எழாது. நிலதாக் பிணத்தை வெடிக்கவைத்துக் கொல்பவன், பிணமில்லாமல் அவனால் அதைச் செய்ய முடியாது. அதே காரணத்தால் பிணம் தேவைப்படும் நெக்ரோமான்சரோ ஃபைண்ட் ஐட்டம் போடும் பார்பேரியனோ உங்கள் குழுவில் இருந்தால் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

ஃப்ரீசிங் ஆரோ லெவல் 30-இல்தான் திறக்கும். அதுவரை ஈட்டி ஸ்கில்களோடு போவது எளிது. 1.13 முதல் டென் ஆஃப் ஈவில் குவெஸ்ட் முடித்தால் அகாரா ஒவ்வொரு டிஃபிகல்ட்டியிலும் ஒரு முறை எல்லாப் பாயின்ட்டையும் திருப்பித் தருகிறாள். நார்மலில் கிடைப்பதை 30 தாண்டி, ஃப்ரீசிங் ஆரோவிலும் கோல்ட் ஆரோவிலும் சேர்த்துப் போட 20 பாயின்ட்டாவது இருக்கும்போது பயன்படுத்துங்கள். ஹெல்லில் முதலில் போக வேண்டிய இடங்கள் மாடுகள் நிறைந்த கௌ லெவலும் ஆக்ட் 2 லாஸ்ட் சிட்டியின் ஏன்சியன்ட் டனல்ஸும். மாடுகளுக்கு எந்த இம்யூனிட்டியும் இல்லை, டனல்ஸில் இயல்பாகவே கோல்ட் இம்யூன் இல்லை, கோல்ட் என்சான்டட் யூனிக் ஏதாவது வந்தால்தான் உண்டு. ரூனும் கிராண்ட் மேட்ரன் போவும் விழும்வரை இந்த இரண்டு இடங்களே போதும்.