தண்ணி டேங்குக்கு எதுக்குங்க பூஜை?

வெள்ளிக்கிழமை நம்ம வார்டுல புது தண்ணி டேங்க் கட்டறதுக்குப் போட்ட பூமி பூஜை வீடியோவ எல்லாரும் பாத்திருப்பீங்க, அதுக்கு நான் வார்டு வாட்ஸ்அப் குரூப்புல போட்ட ஒரே ஒரு வரியையும், அதுக்கு வந்த அர்ச்சனையையும் பாத்திருப்பீங்க. மறுபடியும் அதையேதான் சொல்றேன். சர்க்கார் வேலைக்கு எதுக்குங்க பூஜை?

பத்து மணிக்கு வரச் சொன்னாங்க. பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பிச்சிருச்சாம், சரின்னு அசிஸ்டென்ட் இன்ஜினியர்ல இருந்து ஜேசிபி டிரைவர் வரைக்கும் பன்னெண்டு மணி வரை ஷாமியானாவுக்குள்ள உக்காந்து மோர் குடிச்சாங்க. பன்னெண்டுக்கு மேல ஐயர் மந்திரத்த ஆரம்பிக்கறப்ப பள்ளிவாசல் தெரு ஆம்பளைங்க ஜும்மாவுக்குக் கெளம்பிட்டாங்க. இந்த டேங்க்குக்காக ஆபீஸ் ஆபீஸா மனு தூக்கிட்டு அலைஞ்சதே அவங்கதான். அவங்க இல்லாமலே செங்கலுக்கு மஞ்சள் குங்குமம் வெச்சு, தேங்கா உடைச்சு, போட்டோவும் எடுத்தாச்சு. நடுரோட்டுல உடைச்ச பூசணிக்காய அள்ள மட்டும் ஆள் இல்ல, சாயங்காலம் ஒரு பையன் வண்டியோட வழுக்கி விழுந்தான்.

இதச் சொன்னா "மதம் மாறிட்டியா, எவ்வளவு குடுத்தாங்க"ன்னு கேக்கறாங்க. கேட்டது யாரோ இல்ல, என் கல்யாணத்துல முன்னாடி நின்னு பந்தி விசாரிச்ச மாமா. எனக்கு அம்மை போட்டப்ப கோட்டை மாரியம்மன் கோயில்ல ஆடி மாசம் எங்கம்மா உருளுதண்டம் போட்டாங்க மாமா, உங்களுக்கே தெரியும். ஈரப் புடவையில மண்ணு அப்பி, முழங்கை தோல் உரிஞ்சு, எந்திரிக்க முடியாம ரெண்டு பேர் தூக்கி விட்டாங்க. அந்த வேண்டுதலுக்கு எங்கம்மா எந்த ஆபீஸ்லயும் பில் போடல. எங்க வீட்டுல போர் போட்டப்ப நானும்தான் எலுமிச்சம்பழம் வெச்சேன், என் வீடு, என் காசு. டேங்க் அப்படியா?

பக்தி இருக்கறவங்க அரசியலுக்கு வரக்கூடாதுன்னு நான் எங்கயும் சொல்லல. நம்ம சேலம் முனிசிபாலிட்டிக்கு சேர்மனா இருந்த ராஜாஜிக்கு இல்லாத பக்தியா? 1939ல அவர் ஆட்சியிலதான் கோயில் நுழைவுக்கு சட்டமே வந்துச்சு. வெளிய நிக்க வெச்சிருந்தவங்கள உள்ள விட்ட சட்டம் அது. இங்க என்னடான்னா மனு குடுத்தவங்கள வெளிய விட்டுட்டு பூஜை நடக்குது.

உடனே ஹஜ் மானியம்னு வருவீங்க. சென்ட்ரல் குடுத்துட்டு இருந்தத படிப்படியா நிறுத்துங்கன்னு 2012லயே சுப்ரீம் கோர்ட் சொல்லி 2018ல நிறுத்தியாச்சு. நம்ம ஸ்டேட்ல கிறிஸ்தவங்க போற ஜெருசலேமுக்கும் இந்துக்கள் போற மானசரோவருக்கும் முக்திநாத்துக்கும்கூட மானியம் உண்டு, அத யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. எனக்கு எதுவுமே வேணாம், போதுமா? ஒரு மதத்த வளக்கறதுக்குன்னு யார்கிட்டயும் வரி வாங்கக்கூடாதுன்னு அரசியல் சாசனம் 27வது பிரிவுல இருக்கு. அறநிலையத்துறைய இழுக்காதீங்க, அது தனிக் கத.

2022ல பக்கத்துல தர்மபுரி எம்.பி. ஏரி வேலை பூஜையில பாதிரியார் எங்க, இமாம் எங்கன்னு கேட்டாரே, நான் அதுகூட கேக்கல. மூணு பேரும் வந்தா இன்னும் ரெண்டு மணி நேரம் லேட்டாகும், அவ்வளவுதான். யாருமே வேணாம், ஜேசிபி வந்தா போதும்.

"இது நம்ம பண்பாடு"ங்கறீங்க. 2023ல நம்ம சேலம் பக்கத்துல திருமலைகிரியில கோயிலுக்குள்ள போனான்னு ஒரு பட்டியல் சாதிப் பையன ஊர் முன்னாடி நிக்க வெச்சு அசிங்கமா திட்டுன வீடியோ வந்துச்சே, அப்ப எங்க போச்சு உங்க பண்பாடு? திட்டுனவரு அப்ப ஆளுங்கட்சியா இருந்த, பகுத்தறிவு பேசற தி.மு.க.வோட ஒன்றியச் செயலாளர், அது வேற கொடுமை. அந்தப் பையனும் உங்க மாதிரி சாமி கும்பிடத்தானே போனான்? குரூப்புல ஒருத்தர் வாயத் தொறக்கல. அதே கோட்டை மாரியம்மன் கோயில் பக்கத்துல திருமணிமுத்தாறு சாக்கடையா ஓடுதே, அதுக்கு ஒரு குட்மார்னிங் மெசேஜ் அளவுக்காவது யாராச்சும் கவலப்பட்டீங்களா? ஒரு அங்கிளு தம்ஸ் அப் போட்டுட்டு உடனே டெலிட் பண்ணாரு, அவர் பயம் எனக்குப் புரியுது, சொல்ல மாட்டேன் யாருன்னு.

ராத்திரி பதினோரு மணிக்கு குரூப்புல இருந்து என்னைய ரிமூவ் பண்ணிட்டாங்க. தண்ணி விடற நேரத்த அதுலதான் போடுவாங்க, பள்ளிவாசல் தெரு அக்கா எனக்கு தனியா அனுப்பறேன்னு சொல்லியிருக்காங்க.