190 என்பது நின்றுபோன கார்களின் கணக்கு அல்ல
"சொகுசு கார்கள் மூன்றே வருடத்தில் நடுரோட்டில் நின்றுவிடும், நூறு காருக்கு 190 கோளாறு" என்று கோலாலம்பூர் வாட்ஸ்ஆப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. அந்த 190, கார் தரத்தை ஆராயும் ஜே.டி. பவர் நிறுவனத்தின் 2024 அமெரிக்க ஆய்வில் எல்லா பிராண்டுகளுக்குமான சராசரி. உரிமையாளர்கள் சொன்ன குறைகளின் எண்ணிக்கை அது. கைப்பேசி காரோடு சரியாக இணையவில்லை என்றாலும் ஒரு குறைதான். சொகுசு காரான லெக்சஸ் நூறு காருக்கு 135 குறை மட்டுமே பெற்று அதில் முதலிடம் பிடித்ததை ஏன் மறைக்க வேண்டும்?

அப்புறம், அங்கே கேட்டது மூன்று வயது கார்களை முதல் கையாக வாங்கியவர்களிடம். கோலாலம்பூர் செந்தூலில் பத்து வயது ஜெர்மன் காரை விலை பேசுகிறவருக்கு அது போதாது. அதே மாடலை இந்த வெயிலிலும் நெரிசலிலும் ஓட்டியவரிடம் கியர்பாக்ஸ், ஏர் சஸ்பென்ஷன், ரேடியேட்டர் பற்றிக் கேளுங்கள். சர்வீஸ் பதிவுகளையும் வாங்கிப் பாருங்கள்.