எண் தகடு அடித்த சவுக்கு மரங்கள்

எந்தத் தாய்மரத்தின் பிள்ளைகள் நன்றாக வளர்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க நட்ட சோதனைத் திடலில் நின்ற சவுக்கு மரங்களை வெட்டி லாரியில் ஏற்றும் படங்களைப் போன வாரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "வயது முடிந்த மரங்கள்தானே, நல்ல விலைக்குப் போயிருக்கிறது" என்று அதன் கீழே சிலர் எழுதியிருந்ததைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. அவை விலைக்காக வளர்த்த மரங்கள் அல்ல. ஒவ்வொரு மரமும் எந்தத் தாய்மரத்தின் பிள்ளை என்பதற்குப் பதிவு இருந்தது.

காட்டில் நெடுநெடுவென நேராக நிற்கும் மரம் பிறவியிலேயே நல்லதா, வாய்க்கால் ஓரத்தில் நின்றதால் அப்படி வளர்ந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதன் விதையில் வந்த கன்றுகளை வேறு பல மரங்களின் கன்றுகளோடு அருகருகே, எது எதன் பிள்ளை என்ற அடையாளத்தோடு பல ஊர்களில் நட்டு, ஆண்டுக்கணக்கில் அளந்தால்தான் தெரியும். அப்படித் தேறிய குடும்பங்களை, அதாவது ஒரே தாய்மரத்தின் பிள்ளைகளை, நிறுத்திவிட்டு மற்றவற்றைக் கழித்தால் அந்தத் திடலே விதைத் தோட்டமாகும். அடுத்த தலைமுறைக்கான தாய்மரங்களும் அங்கிருந்தே கிடைக்கும்.

நான் அப்படி ஒரு திடலில் இரண்டு ஆண்டுகள் கூலிக்கு அளவெடுத்தவன். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் நாடாவைச் சுற்றி, அலுமினியத் தகட்டின் எண்ணை நான் உரக்கச் சொல்ல, இன்னொருவர் பதிவேட்டில் எழுதுவார். பட்டை வளர்ந்து தகட்டை மூடிவிட்ட மரங்களில் கத்தி முனையால் சுரண்டி எண்ணைத் தேடுவோம். ஒரே மண், ஒரே மழை. ஆனால் ஒரு வரிசை மணிக்கட்டுப் பருமனில் நிற்கும், அடுத்த வரிசை தொடைப் பருமனில் நிற்கும். அதைக் கையால் தொட்டுப் பார்த்தவனிடம் வந்து விறகு விலை பேசாதீர்கள்.

"இப்போதுதான் குளோன் கன்றுகள் வந்துவிட்டனவே, பழைய மரம் எதற்கு?" என்று ஒருவர் கேட்கிறார். குளோன் என்பது ஒரே மரத்தின் கொழுந்திலிருந்து எடுத்த நகல். அது அதற்கு மேல் மேம்படாது. தன்னைத்தான் திரும்பத் தரும். 2000-களில் தைலமரத்தின் இலையில் முடிச்சு முடிச்சாக வீக்கம் உண்டாக்கும் முடிச்சுக் குளவி வந்தபோது என் மாமாவின் இரண்டு ஏக்கர் தைலமரத்தில் இலைக்காம்பும் நடுநரம்பும் அரிசி அரிசியாக வீங்கிக் குருத்து சுருண்டுபோனது. வயல் முழுக்க ஒரே குளோன் என்பதால் தப்பித்த மரம் ஒன்றுகூட இல்லை. குளவியைத் தாங்கும் மரங்களைப் பிறகு எங்கே தேடினார்கள்? பல வகைகளைக் கலந்து நட்டிருந்த இதுபோன்ற திடல்களில்தான். கர்நாடகத்தின் நந்தி மலையில் நின்ற சில மரங்களின் வழியிலேயே பரவிய 'மைசூர் கம்' தைலமரத்தில் மரபு வேறுபாடு எவ்வளவு குறைவு என்பது இத்துறையில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் மறக்கிறோம்.

அந்த நிலம் வேறு வேலைக்குத் தேவைப்பட்டிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். நல்ல மரத்தைத் தேர்ந்தெடுக்க மரபணுவைப் படித்தாலே போதும் என்பவர்களுக்கு ஒன்று: அந்தப் படிப்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் அளந்து பதிந்த மரங்கள் வேண்டும்.

எல்லா மரத்தையும் காப்பாற்றச் சொல்லவில்லை. நல்ல குடும்பங்களில் இளங்கொழுந்து எடுத்து, வேர் ஊக்கியில் தோய்த்து, நாற்றங்காலில் வைக்க ஒரு மாத அவகாசம் கொடுத்திருக்கலாம். அங்கே வேலை செய்த எங்களில் ஒருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தைலமரமாக இருந்தால் அடிக்கட்டை துளிர்க்கும் என்று காத்திருக்கலாம். நாட்டுச் சவுக்கு அப்படி நம்பிக்கையாகத் துளிர்ப்பதில்லை.

அந்தப் பதிவேடு யாரிடமாவது இருந்தால் தயவுசெய்து பழைய காகிதத்தோடு போட்டுவிடாதீர்கள். அதே தாய்மரங்களின் பிள்ளைகள் வேறு ஊர்த் திடல்களில் நின்றால், அவற்றை அடையாளம் காண அந்த எண்கள் வேண்டும்.