மாநிலத்தில் ஜெயித்தவருக்கே எல்லாப் பிரதிநிதிகளும் போவதில்லை

“அமெரிக்காவில் ஒரு மாநிலத்தின் பிரைமரியில் ஜெயித்தவருக்கு அந்த மாநிலப் பிரதிநிதிகள் மொத்தமாகப் போய்விடுவார்கள், ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான்” என்று பலர் சொல்வது தவறு. பிரைமரி என்பது கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலத்தில் நடக்கும் வாக்கெடுப்பு. பிரதிநிதிகள் என்பவர்கள் கட்சியின் தேசிய மாநாட்டில் வாக்களித்து அந்த வேட்பாளரை முடிவு செய்பவர்கள்.

ஜனநாயகக் கட்சியில் விகிதாசார முறைதான். அதன் பிரதிநிதிகளில் பெரும்பகுதி காங்கிரஸ் (நாடாளுமன்றக் கீழவை) தொகுதி வாரியாக ஒதுக்கப்படுகிறது. ஒரு தொகுதியில் 15 சதவீதத்துக்குக் குறைவாக வாங்கியவருக்கு அங்கே ஒன்றும் கிடையாது. அவர் வாக்குகளைக் கழித்துவிட்டு மற்றவர்களுக்குள் பங்கு போடுவார்கள். 4 பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் இருவர் 60–40 என்று வாங்கினால் கணக்கு 2.4, 1.6 என்று வரும். முழு எண்ணான 2, 1 போக மிச்சமுள்ள ஒரு இடம் பெரிய பின்னம் உள்ளவருக்கு. ஆக 2–2! மூன்றாவது பிரதிநிதியும் கிடைக்க 62.5 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மாநிலத்தில் பெரிதாக ஜெயித்தும் முன்னிலை கூடாமல் போவது இதனால்தான்.

குடியரசுக் கட்சியில் தொகுதிக்கு 3 பேர். பங்கீட்டு முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ‘ஜெயித்தவருக்கே எல்லாம்’ என்பது அங்கே சில மாநிலங்களில் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம்.

‘ஆரம்பத்திலிருந்தே’ என்பதும் சரியல்ல. 1968இல் அப்போதைய துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி பிரைமரிகளில் போட்டியிடாமலே ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரானார். பல மாநிலங்களில் கட்சித் தலைவர்கள்தான் பிரதிநிதிகளைப் பொறுக்கினார்கள். அந்த ஆண்டுக் கட்சி மாநாட்டுக்குப் பின் வந்த மெகவர்ன்–ஃப்ரேசர் சீர்திருத்தக் குழுதான் விதிகளை மாற்றியது. 1972 மாநாடு புதிய விதிப்படி நடந்தது.

சூப்பர் டெலிகேட்டுகள் (பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் வாக்களிக்கும் ஜனநாயகக் கட்சித் தலைவர்கள்) முடிவைப் புரட்டிவிடுவார்கள் என்ற பயமும் பழசு. அந்தக் கட்சியின் 2018 விதித் திருத்தத்துக்குப் பின், யாருக்கும் பெரும்பான்மை முன்கூட்டியே உறுதியாகாத மாநாட்டின் முதல் சுற்றில் அவர்களுக்கு வாக்கில்லை.