வார்ப்புருவைத் திருத்தினால் உடனே எல்லாம் மாறிவிடாது

விக்கியில் பல பக்கங்களில் பொதுவாக வரும் பகுதியை வார்ப்புரு (template) என்பார்கள். அதை ஓரிடத்தில் திருத்தினால் அது வரும் பக்கங்கள் எல்லாம் அந்த நொடியே மாறும் என்று சொல்வதுண்டு. விக்கி தளங்களை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இது பாதி உண்மைதான். சேமித்ததும், மற்ற பக்கங்களைப் புதுப்பிக்கும் வேலைகள் ஒரு வரிசையில் போய் நிற்கும். இயல்பு அமைப்பில், யாராவது ஒரு பக்கத்தைத் திறந்தால் ஒரு வேலை நகரும், அவ்வளவுதான். ஆள் வராத விக்கியில் வரிசை தேங்கிக் கிடக்கும். வார்ப்புருவில் ஒரு பகுப்பை (category) சேர்த்தும் பக்கங்கள் அந்தப் பகுப்பின் பட்டியலில் வரவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதனால்தான்.

வரிசை தேங்காமல் இருக்க, நிர்வாகி விக்கியின் அமைப்புகள் உள்ள லோக்கல்செட்டிங்ஸ் கோப்பில் ஜாப் ரன் ரேட்டை (ஒரு பக்கத் திறப்புக்கு எத்தனை வேலை என்ற அளவை) 0 ஆக்கிவிட்டு, மெயின்டெனன்ஸ் அடைவில் உள்ள, வேலைகளை முடிக்கும் ரன்ஜாப்ஸ் நிரலை கிரான் (குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் சர்வர் கருவி) வழியாகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓடவிடலாம். கிரானை மறந்து 0 மட்டும் போட்டால் வரிசை அப்படியே உறைந்துவிடும்!

சர்வரைத் தொட முடியாத பயனருக்கு: பர்ஜ் (பக்கத்தின் தற்காலிக நகலை அழிப்பது) செய்தால் பக்கத்தின் தோற்றம் புதுப்பிக்கப்படும், ஆனால் பகுப்புப் பட்டியல் மாறும் என்று நம்ப முடியாது. அதற்குப் பக்கத்தைத் தொகுக்கத் திறந்து, ஓர் எழுத்தும் மாற்றாமல் சேமியுங்கள். வரலாற்றில் பதிவாகாது.

அப்புறம், விக்கிப் பக்கங்களை எக்ஸ்எம்எல் கோப்பாக ஏற்றுமதி செய்வதை முழு பேக்கப் என்று நினைப்பது ஆபத்து. பயனர் கணக்குகளும் கடவுச்சொற்களும் அதில் வராது. டேட்டாபேஸ் டம்ப் (தரவுத்தளத்தின் முழு நகல்), பதிவேற்றிய கோப்புகள் உள்ள இமேஜஸ் அடைவு, லோக்கல்செட்டிங்ஸ் மூன்றையும் தனியாக எடுக்க வேண்டும்.