பாஸ்வேர்டு இருந்தால் 3389 போர்ட்டைத் திறந்து வைக்கலாமா? கூடாது

“ஓ.எம்.ஆர். ஆபீசிலிருந்து வேளச்சேரி வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்க, ரௌட்டரில் 3389 போர்ட்டைத் திறந்தால் போதும், பாஸ்வேர்டு இருப்பதால் பயமில்லை” என்று வாட்ஸ்அப்பில் ஒரு தகவல் சுற்றுகிறது. தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். போர்ட் என்பது இணையத்திலிருந்து கம்ப்யூட்டருக்குள் வரும் வாசல் மாதிரி; விண்டோஸ் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் ‘ரிமோட் டெஸ்க்டாப்’ வசதிக்கான வாசல்தான் 3389.

திறந்த போர்ட்டுகளைத் தேடி இணையம் முழுக்கத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் அலைகின்றன. கண்டதும் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். அந்த ரிமோட் டெஸ்க்டாப் வசதியில் 2019-இல் தெரியவந்த ‘புளூகீப்’ என்ற பாதுகாப்பு ஓட்டை வழியே நுழையவோ பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. விண்டோஸ் 7, எக்ஸ்பி எல்லாம் அதில் சிக்கின; ஆதரவை எப்போதோ நிறுத்திவிட்ட எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. போர்ட் எண்ணை மாற்றினால் கண்டுபிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

சரி, வேறு வழி? வீட்டில் விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வரப் பாதுகாப்பான தனிப்பாதை) அமைத்து அதன் வழியே நுழையுங்கள். அல்லது கூகுளின் குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பைப் பயன்படுத்துங்கள். அதற்கு ரௌட்டரில் எதையும் திறக்க வேண்டாம். அப்புறம், ஏற்கெனவே போர்ட்டைத் திறந்தவர்கள் இன்றே மூடிவிடுங்கள்.